கங்காவை ஆக்கியவர் யார்?

ஒருவர் நல்லவராகவோ தீயவராகவோ நடந்துகொள்வதற்கு அவருடைய பிறவிக் குணமே காரணம் என்ற எண்ணம் எம்மிடையே ஆழ வேரோடியிருக்கிறது. அன்றாடப் பேச்சில் மட்டுமன்றி, இலக்கியத்தை நாம் படிக்கும் முறையிலும் கற்பிக்கும் முறையிலும் இவ்வெண்ணமே ஆட்சி செலுத்துகிறது. ‘இப்பாத்திரத்தின் பண்புகளை விளக்குக’ என்று வினாத்தாளில் கேட்கிறோம். பொறுமை, பெருந்தன்மை, துணிவு, சஞ்சலம் என்று மாணவர் வரிசைப்படுத்தி எழுதுகின்றனர். அப்பண்புகள் எங்கிருந்து வந்தன, எவர் நடுவில் வாழ்ந்தமையால் வந்தன, அவற்றுக்கு அப்பெயர்களைச் சூட்டியவர்கள் யாவர் என்பனவற்றை வினவுவது அரிதாகவே நிகழ்கிறது. தங்கத்துக்கு நிறமும் வேம்புக்குக் கசப்பும் அமைந்திருப்பதுபோல மனிதனுக்குக் குணம் அமைந்திருக்கிறது என்று கொண்டு, அதற்கு மேற்பட்ட ஆராய்ச்சி வேண்டியதில்லை என்று விட்டுவிடுகிறோம்.

இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதைச் சோதித்துப் பார்ப்பதற்குத் தமிழ்ப் புனைகதையுலகில் அரியதொரு வாய்ப்பு உண்டு. ஒரே ஆசிரியர், ஒரே நிகழ்ச்சியை, ஒரே மனிதர்களைக்கொண்டு இரு முறை எழுதினார். இடையில் ஒரு சிறு மாற்றத்தைச் செய்தார். அம்மாற்றத்தினால் ஒரு பெண்ணின் வாழ்வும், அவளுடைய ‘குணம்’ என்று நாம் சொல்லக்கூடியதும் முற்றிலும் வேறாகிவிட்டன. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதையையும், அதன் தொடர்ச்சியாக அவர் எழுதிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலையுமே இங்குக் குறிப்பிடுகின்றோம். சிறுகதை 1966ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் ‘ஆனந்த விகட’னில் வெளிவந்தது. நாவல் 1970இல் நூலுருப் பெற்று, 1972ஆம் ஆண்டிற்கான சாகித்திய அக்கடமிப் பரிசை ஈட்டியது. ஈழத்து வாசகரும் இவ்விரண்டையும் விரும்பிப் படித்து விவாதித்தனர்.

சிறுகதையில் நிகழ்வது இதுதான். மழை கொட்டும் ஒரு மாலைவேளையில், கல்லூரி முடிந்து பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறாள் ஓர் ஏழைப் பெண். பெரிய காரில் வந்த செல்வந்த இளைஞன் ஒருவன் அவளை வீட்டில் விடுவதாகக் கூறி ஏற்றிச் செல்கிறான். உலகமறியாத அப்பெண்ணின் பேதைமையும் திகைப்பும் அவனுக்குச் சாதகமாகின்றன. அவள் தன் கன்னிமையை இழக்கிறாள். அழுதபடி வீடு திரும்பி, விதவைத் தாயிடம் நடந்ததைச் சொல்கிறாள். தாய் முதலில் ஆத்திரங்கொண்டு அடிக்கிறாள். பின்னர் மனந்தேறி, மகளின் தலையில் குடங்குடமாக நீரை வார்த்து, அவள்மீது எக்களங்கமும் இல்லையென்று கூறி, நடந்ததை மறந்துவிடும்படி தேற்றுகிறாள். கதை அவ்வளவில் முடிகிறது.

கதை வெளிவந்ததும் பெரும் விவாதம் எழுந்தது. கற்பென்னும் கோட்பாட்டை ஆசிரியர் இழிவுபடுத்திவிட்டார் என்று ஒரு சாரார் கண்டித்தனர். தாயின் உள்ளம் எத்தகைய உயர்ந்த உள்ளம் என்று மறுசாரார் போற்றினர். இருசாராரும் தாயின் குணத்தைப் பற்றியே பேசினர் என்பது கவனிக்கத்தக்கது. ஆயின், கதையைச் சற்று ஊன்றிப் படிப்போர் வேறொன்றைக் காண்பர். தாய் மகளை அடிக்கும் ஓசை கேட்டு அயலில் குடியிருப்பவள் என்ன நடந்ததென்று விசாரிக்கிறாள். அக்கணத்திற்றான் தாய்க்குச் சுயவுணர்வு வருகிறது. மழையில் நனைந்து வந்ததற்காகவே மகளைக் கடிந்துகொண்டதாக அவள் ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளிக்கிறாள். அந்தப் பொய்தான் மகளின் வாழ்வைக் காப்பாற்றுகிறது. நீர் வார்ப்பதும் தேற்றுவதும் அதன்பின்னரே நிகழ்கின்றன. அயலவள் அப்பொய்யை நம்பாது மேலும் துருவிக் கேட்டிருப்பின், தாயின் பெருந்தன்மை வெளிப்படுவதற்கே இடமிருந்திராது.

அவ்வாறாயின், சிறுகதையின் உட்பொருள் யாது? தாய் நல்லவள் என்பது உண்மையே. ஆனால், அந்நன்மை கதவைச் சாத்திக்கொண்டு, நீரோசையின் மறைவில், ஊர் அறியாதவாறு மட்டுமே செயற்பட முடிந்த நன்மையாகும். ‘நீ தூய்மையானவள்’ என்று மகளிடம் சொல்லும் அதே தாய், இதை எவரிடமும் சொல்லக்கூடாது என்ற எச்சரிக்கையுடனேயே அதைச் சொல்லவேண்டியிருக்கிறது. தனிமனித உள்ளம் சமுதாயத்தை வென்றுவிட்டதாக இக்கதையைக் கொண்டாடியவர்கள் இதைக் கருத்திற்கொள்ளவில்லை. சமுதாயத்தின் கண்ணுக்குத் தப்பியது என்பதே பொருத்தமாகும்.

இதை ஆசிரியரே உணர்ந்திருந்தார் என்பதற்கு நாவலே சான்று. நாவலில் மழையும் காரும் முன்போலவே இருக்கின்றன. மகள் வந்து தாயிடம் சொல்வதும் முன்போலவே. ஆனால், இம்முறை தாய் தன்னை அடக்கிக்கொள்ளவில்லை. அலறிப் புலம்பி அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவிடுகிறாள். செய்தி வீட்டுச் சுவரைக் கடந்து வெளியேறிவிடுகிறது. அண்ணன் கணேசன் தங்கையை அடித்து வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமன் ஒருவரின் ஆதரவில் படித்து, உத்தியோகம் பெற்று, பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர் தனித்து வாழும் கங்காவை நாவலில் நாம் சந்திக்கிறோம். அவள் ஒரு சஞ்சிகையில் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய கதையை வாசிக்கிறாள். அது அவளுடைய கதையே. ஆனால், அக்கதையில் வரும் தாய் மகளுக்கு நீர் வார்த்து ஏற்றுக்கொள்கிறாள். இவ்வாறாக, தமது பழைய சிறுகதையை நாவலுக்குள்ளே ஒரு கற்பனைக் கதையாக வைத்து, ‘வாழ்க்கையில் நடப்பது இதுவன்று’ என்று ஆசிரியர் தாமே தமக்கு விமர்சகராகிறார். தமிழில் ஓர் எழுத்தாளர் தம்முடைய புகழ்பெற்ற படைப்பொன்றை இத்துணை நேர்மையுடன் மறுபரிசீலனை செய்தமைக்கு வேறு எடுத்துக்காட்டுகள் மிகச்சிலவே.

இரு படைப்புகளிலும் தாய் ஒருத்திதான். அவளுக்கு மகள்மீதுள்ள பாசத்திலும் வேறுபாடில்லை. நாவலில் வரும் தாயும் பிற்காலத்தில் மகளுடனேயே வாழ்கிறாள். அப்படியிருக்க, முதலாவதில் அவளைத் தெய்வமாகவும் இரண்டாவதில் அவளைக் கொடுமைக்குக் கருவியாகவும் ஆக்கியது எது? அவளுடைய குணம் மாறிவிடவில்லை. அயலவர்களுக்குத் தெரியாமற் போனபொழுது அவள் தாயாக நடந்துகொண்டாள். தெரிந்துவிட்டபொழுது குடித்தனங்களில் ஒருத்தியாக நடந்துகொண்டாள். ஒரே வளவில், ஒரே முற்றத்தையும் ஒரே கிணற்றையும் பங்கிட்டுக்கொண்டு பல குடும்பங்கள் ஒண்டிக்கிடக்கும் வாழ்க்கையில், ஒருவரின் நடத்தை மற்றெல்லாரின் கண்காணிப்புக்கும் உட்பட்டதாகும். அங்குத் தனிமனிதன் என்பவன் உறங்கும்பொழுது மட்டுமே தனிமனிதனாக இருக்கிறான்.

கணேசனை எடுத்துக்கொள்வோம். தங்கையைத் துரத்திய கொடியவன் என்று அவனைப் பற்றி எழுதிவிடுவது எளிது. ஆனால், அவன் எந்த வகுப்பைச் சேர்ந்தவன் என்று பார்க்கவேண்டும். நிலமோ மூலதனமோ அற்ற கீழ்மத்தியதரக் குடும்பத்தவன் அவன். அத்தகைய குடும்பங்களுக்கு ‘மானம்’ என்பதே எஞ்சியிருக்கும் ஒரேயொரு சொத்து. உறவினர் வீடுகளில் அழைப்புப் பெறுவதும், பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசுவதும், அவசரத்துக்குக் கைமாற்று வாங்குவதும் அச்சொத்தின் அடிப்படையிலேயே நடைபெறுகின்றன. தங்கையை வீட்டில் வைத்திருந்தால் அது பறிபோகும் என்று அவன் அஞ்சுகிறான். அவனுடைய கை அடித்தாலும், அக்கையை ஓங்கச் செய்தது வீட்டுவாசலில் கூடிநின்ற கூட்டமே. செல்வந்தனான பிரபுவுக்கோ இவ்வச்சம் எதுவும் இல்லை. அதே மாலைப்பொழுது அவனுடைய வாழ்வில் ஒரு தழும்பைத்தானும் விட்டுச்செல்லவில்லை. செயல் இருவருக்கும் பொதுவாயினும் தீர்ப்பு ஒருத்திக்கு மட்டுமே விதிக்கப்பட்டது. ஒழுக்கம் என்று சொல்லப்படுவது எல்லோர்மீதும் சமமாகப் பாயும் விதியன்று. பொருளாதார நிலைக்கும் ஆண் பெண் வேறுபாட்டிற்கும் ஏற்ப அது கடுமையாகவோ இளக்கமாகவோ பாய்கிறது என்பதை இதனின்றும் உணரலாம்.

நாவலின் மிகச்சிறந்த பகுதி இதற்குப் பின்னரே வருகிறது. சமுதாயம் கங்காவுக்குக் ‘கெட்டுப்போனவள்’ என்று பெயரிட்டுவிட்டது. அவளுக்கு ஆதரவளிக்கும் மாமனே அவளைத் தவறான நோக்குடன் அணுக முற்படுகிறார். ஊரார் மத்தியில் அவர் சாத்திரமும் ஒழுக்கமும் பேசும் கௌரவமான மனிதர். கங்காவுக்கு இனி மனைவியாகும் தகுதி இல்லை என்பது அவருடைய வாதம். முடியுமானால் அன்று காரில் வந்தவனையே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று அவர் அவளுக்குச் சவால் விடுகிறார். கங்காவும் தேடிக் கண்டுபிடிக்கிறாள். பிரபுவுக்கும் அவளுக்கும் இடையே வளர்வது ஒரு விசித்திரமான நட்பு. அங்கு உடலுறவு இல்லை. ஆயினும், அவள் அவனுடைய ஆசைநாயகி என்று உலகம் கருதுகிறது. கங்கா அதை மறுக்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று அப்பெயரைத் தானே எடுத்து அணிந்துகொள்கிறாள். அதற்கேற்ப அவளுடைய உடையும் அலங்காரமும் மாறுகின்றன. அவளுக்கு ஒரு மணம் பேசப்படும்பொழுது, அவளுடைய நன்மை கருதிப் பிரபு விலகிச் செல்கிறான். அவளோ மதுவில் அமிழ்ந்துபோகிறாள்.

கதையின் தொடக்கத்தில் இல்லாத ஒரு ‘குணம்’ அதன் முடிவில் அவளிடம் காணப்படுகிறது. இக்குணம் எங்கிருந்து வந்தது? அவளுடைய பிறப்பிலிருந்து வரவில்லை. மழைநாள் நிகழ்ச்சியிலிருந்தும் வரவில்லை. நிகழ்ச்சி அவளைக் கெடுத்துவிட்டது என்று சொல்வோமாயின், அதே நிகழ்ச்சி சிறுகதைப் பெண்ணை ஏன் கெடுக்கவில்லை என்ற வினாவுக்கு விடை கூறவேண்டும். சமுதாயம் ஒரு பெயரைச் சூட்டியது. அப்பெயரோடு பன்னிரண்டு ஆண்டுகள் வாழச் செய்தது. ஈற்றில் அவள் அப்பெயரின் உருவமாகவே ஆனாள். அதைக் கண்ட சமுதாயம், ‘நாம் அன்றே சொன்னோம்’ என்று தன் தீர்க்கதரிசனத்தை மெச்சிக்கொள்கிறது. ஒரு குழு தனிமனிதனின் நடத்தையை உருவாக்கும் விதம் பெரும்பாலும் இதுவே. வெளியிலிருந்து தடியால் அடித்துப் பணியவைப்பது அதன் ஒரு பகுதி மட்டுமே. மனிதன் தன்னைப் பற்றித் தானே எண்ணும் எண்ணத்தைக் குழு வகுத்துக் கொடுப்பது அதனினும் வலிமை வாய்ந்தது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். கங்கா சமுதாயத்தை எதிர்த்து நின்ற புரட்சிப்பெண் அல்லளோ? ஊர்வாயைத் துச்சமாக மதித்து, தான் விரும்பியவாறு வாழ்ந்த தனிமனித சுதந்திரத்தின் வடிவம் அல்லளோ? இவ்வாறு எழுதிய விமர்சகர்களும் உளர். அவளுடைய துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின், சமுதாயம் எழுதிவைத்த பட்டியலில் ‘மனைவி’ என்றும் ‘வைப்பாட்டி’ என்றும் இரண்டு இடங்கள் மட்டுமே இருந்தன. முதலாவது மறுக்கப்பட்டபொழுது அவள் இரண்டாவதைப் பிடிவாதத்துடன் ஏற்றுக்கொண்டாள். அப்பட்டியலையே கிழித்தெறியும் வழி அவளுக்குத் தென்படவில்லை. இட்ட கட்டளைக்கு நேர்மாறாகச் செய்பவனும் அக்கட்டளையினாலேயே இயக்கப்படுகிறான். எதிர்ப்பு எல்லாம் விடுதலையாகிவிடாது.

மனிதன் தன் சூழலினால் ஆக்கப்படுகிறான் என்ற சிந்தனை எமக்குப் புதிதன்று. வள்ளுவர் ‘சிற்றினஞ்சேராமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்து, சேர்ந்த நிலத்தினால் நீரின் தன்மை வேறுபடுவதுபோல, சேர்ந்த இனத்தினால் மனிதரின் அறிவும் வேறுபடும் என்று உணர்த்தினார். அறிவு ஒருவனின் உள்ளத்திலே தோன்றுவதுபோலக் காணப்பட்டாலும் அதன் ஊற்று அவன் சார்ந்த இனத்திலேயே உள்ளது என்பது அவர் கருத்து. வியக்கத்தக்க நுண்ணோக்கு இது. எனினும், நல்லினத்தைத் தேடிச் சேர்வதும் தீயினத்தை விட்டு விலகுவதும் ஒருவனுடைய விருப்பத்தில் உள்ளன என்ற அனுமானம் அவ்வறிவுரைக்கு அடிப்படையாக இருக்கிறது. சாதியையும் வர்க்கத்தையும் பால் வேறுபாட்டையும் ஒருவர் தேர்ந்து சேர்வதில்லை, அவற்றுள்ளே பிறக்கிறார். மனித சாரம் என்பது தனிமனிதனுக்குள் உறையும் அரூபப் பொருளன்று, அது சமுதாய உறவுகளின் தொகுதி என்று 1845இல் பொயர்பாக் பற்றிய குறிப்புகளில் மார்க்ஸ் வரைந்தபொழுது, ‘இனம்’ என்னும் அக்கருத்து சரித்திரத்தின் தளத்தில் வைத்து நோக்கப்பட்டது. சேர்க்கையின் பலன் என்று அறநூல் கூறியது, உறவுகளின் பலன் என்று இங்கு விளக்கம் பெறுகிறது. உறவுகள் மனிதரால் ஆக்கப்பட்டவை; ஆதலால் மனிதரால் மாற்றப்படக்கூடியவை.

மற்றோர் ஆட்சேபம் இதனினும் கடுமையானது. எல்லாம் சமுதாயத்தின் வேலை என்றால் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? கணேசனையும் மாமனையும் பிரபுவையும் மன்னித்துவிடவேண்டியதுதானா? முற்போக்கு அணியைச் சேர்ந்தோர் சிலரும் இவ்விடத்திலே சறுக்கியதுண்டு. பாத்திரங்களைச் சமுதாய விதிகளின் பொம்மைகளாக ஆக்கி, முதலாளி என்றால் இப்படி, தொழிலாளி என்றால் அப்படி என்று அச்சில் வார்த்து எழுதினர். இது குணவாதத்தின் மறுபக்கமேயன்றி அதற்கு மாற்று அன்று. முன்னையது பிறப்பை விதியாக்கிற்று; பின்னையது சமுதாயத்தை விதியாக்குகிறது.

இவ்விரண்டையும் கடந்து செல்வதற்கு உதவும் ஒரு பரிசோதனையை இங்குக் குறிப்பிடலாம். 1950களில் அமெரிக்க உளவியலாளர் சொலமன் ஆஷ் கல்லூரி மாணவர்களைக் கொண்டு அதை நடத்தினார். ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் எது அதே நீளமுடையது என்று கேட்டார். குழந்தையும் விடை சொல்லக்கூடிய கேள்வி அது. ஆனால், அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றெல்லாரும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள். அவர்கள் ஒரே குரலில் தவறான விடையைச் சொன்னார்கள். அந்நிலையில், உண்மையாகச் சோதிக்கப்பட்டவர்கள் அளித்த விடைகளில் மூன்றிலொரு பங்கிற்குச் சற்று மேற்பட்டவை பெரும்பான்மையினரின் தவறான விடைகளையே பின்பற்றின. தம் கண் முன்னே தெரிந்ததை அவர்கள் கைவிட்டனர். இப்பரிசோதனையைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாக இவ்வளவோடு நிறுத்திவிடுவர். ஆனால், அதன் அடுத்த பகுதியே எமக்கு முக்கியமானது. அறையில் இருந்தவருள் ஒரேயொருவர் சரியான விடையைச் சொல்லத் தொடங்கியதும், அந்தத் தவறுகள் ஏறத்தாழ நான்கிலொன்றாகக் குறைந்துவிட்டன. பெரும்பான்மை அப்படியே இருந்தது. அதன் ஏகமனதான தன்மையே உடைந்தது. ஒரு துணை கிடைத்த மாத்திரத்தில் மனிதன் தன் கண்களை நம்பத் தொடங்கினான்.

பொறுப்பைப் பற்றிய வினாவுக்கு இதில் விடை இருக்கிறது. குழுவின் ஆற்றல் பெரிது. ஆனால், அது எல்லோருடைய வாயும் ஒன்றையே சொல்வதில் தங்கியிருக்கிறது. ஆதலின், அக்கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவரும், மற்றவர்கள் சொல்வதைத் தாமும் சொல்வதன் மூலம், அவ்வாற்றலுக்குத் தம் பங்கை அளிக்கின்றனர். நாவலில் கங்காவின் வீட்டுவாசலில் கூடியவர்களுள் ஒருத்தி, ஒரேயொருத்தி, ‘குழந்தை என்ன பாவம் செய்தாள்?’ என்று கேட்டிருப்பின், தாயின் நாவும் வேறு சொற்களைப் பேசியிருக்கக்கூடும். கணேசனின் கையும் தயங்கியிருக்கும். அவ்வொருத்தி இல்லாமற் போனமைக்கு அங்கு நின்ற அனைவரும் பொறுப்பாளிகளே.

ஜெயகாந்தனின் படைப்பில் எமக்குக் குறையாகப்படுவதும் இதனோடு தொடர்புடையதே. தீர்ப்பு வழங்கும் குழுவை அவர் வெகு நுட்பமாகக் கண்டார். மாற்றுக் குழு ஒன்று உருவாகக்கூடும் என்பதை அவர் காணவில்லை. கங்கா படித்தவள், பெரிய அலுவலகம் ஒன்றில் உத்தியோகம் பார்ப்பவள். வீட்டை விட்டு வெளியேறி வேலைக்குச் செல்லும் பெண்கள் பெருகிவந்த காலம் அது. அவளைப்போல உழைக்கும் பெண்களின் தோழமை எதுவும் அவளுடைய போக்கைத் தீர்மானிக்கவில்லை. ஓர் எழுத்தாளர், ஒரு மாமன், ஒரு செல்வந்தன் என்று ஆண்களின் நடுவிலேயே அவளுடைய விடுதலைப் போராட்டம் நடந்து முடிந்துவிடுகிறது. சிறுகதையில் தாயின் தனிமனிதப் பெருந்தன்மையில் நம்பிக்கை வைத்த ஆசிரியர், நாவலில் அந்நம்பிக்கையைக் கைவிட்டார். ஆயின், அதன் இடத்தில் வைப்பதற்கு அவரிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. எனவேதான் நாவல் கங்காவின் தனிமையில் முடிகிறது.

மாற்றுக் குழு என்று நாம் சொல்வது வெறும் கற்பனையன்று. ‘அக்கினிப் பிரவேசம்’ வெளிவருவதற்கு ஒரு மாதத்தின் முன்னர், 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி, தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகர் நோக்கி ஓர் ஊர்வலம் புறப்பட்டது. அதனைத் தொடர்ந்து தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் சமத்துவம் கோரும் போராட்டங்கள் பரவின. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடைபெற்ற போராட்டம் நாடெங்கும் பேசப்பட்டது. இவை கங்காவின் கதைக்குத் தொலைவிலுள்ள நிகழ்ச்சிகளாகத் தோன்றலாம். ஆனால், குழுவுக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பை நோக்குமிடத்து, நாவல் விட்ட இடத்திலிருந்து சரித்திரம் தொடர்ந்ததை இங்குக் காணலாம்.

அப்போராட்டங்களுக்கு முன்னர், தேநீர்க்கடையின் உள்ளே அமர உரிமையின்றி, வெளியே நிலத்தில் குந்தியிருந்து, தனக்கென்று ஒதுக்கப்பட்ட போத்தலிலோ தகரப் பேணியிலோ தேநீர் அருந்திய மனிதனை உயர்சாதியினர் எவ்வாறு வருணித்தனர்? அடக்கமானவன், மரியாதை தெரிந்தவன், நல்லவன் என்பனவே அவனுக்குச் சூட்டப்பட்ட பெயர்கள். அதே மனிதன் கடைக்குள் நுழைந்து வாங்கில் அமர்ந்த அன்று, ‘திமிர் பிடித்தவன்’ ஆனான். அவனுடைய பிறவிக் குணம் ஒரே இரவில் மாறிவிட்டதா? அடக்கம் என்று அழைக்கப்பட்டது அவனுடைய பண்பாக என்றும் இருந்ததில்லை; அது பிறருடைய அதிகாரத்தின் நிழல். கங்காவைக் ‘கெட்டுப்போனவள்’ ஆக்கியவர்களும் இவனை ‘நல்லவன்’ ஆக்கியவர்களும் ஒரே வேலையையே செய்தனர். வேறுபாடு யாதெனின், கங்கா தனித்து நின்று அப்பெயரை அணிந்துகொண்டாள். இவனோ தன்னைப் போன்றவர்களுடன் சேர்ந்து நின்று அப்பெயரைக் கழற்றி எறிந்தான்.

கடைக்காரரின் நிலையும் சிந்திக்கத்தக்கது. ‘எனக்கு ஆட்சேபமில்லை, ஆனால் மற்ற வாடிக்கையாளர்கள் வரமாட்டார்கள்’ என்பது அன்று எங்கும் கேட்ட சமாதானம். வாடிக்கையாளரும் தமக்கு ஆட்சேபமில்லை, ஊர்தான் ஏற்காது என்பர். ஒவ்வொருவரும் மற்றவர்களைச் சுட்டிக்காட்ட, எவருடையதுமல்லாத ஒரு கொடுமை எல்லோராலும் நிலைநிறுத்தப்பட்டது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே நிறைவேறியிருந்தது. எனினும், குற்றம் புரியும் தனிமனிதனைத் தேடிய அச்சட்டம், குழுவின் பின்னே ஒளிந்துகொண்ட தனிமனிதனை எளிதிற் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏட்டில் இருந்த சட்டத்துக்கு உயிரூட்டியது இயக்கமே. அவ்வியக்கத்தில் உயர்சாதியிற் பிறந்த முற்போக்காளரும் இணைந்து நின்றனர். ஆஷின் அறையில் சரியான விடையைச் சொன்ன அந்த ஒருவரின் பணியை அவர்கள் செய்தனர் எனலாம்.

இவ்வியக்கத்தின் முன்னணியில் நின்ற கே. டானியல் 1972இல் தம் நாவலுக்குப் ‘பஞ்சமர்’ என்று பன்மையிற் பெயரிட்டமை தற்செயலானதன்று. தனியொரு கதாநாயகனின் குணச்சிறப்பை நம்பாது, ஒரு மக்கட் கூட்டத்தையே அவர் தம் கதையின் பொருளாக்கினார். அவருடைய படைப்புகளில் கலை நேர்த்தி போதாது என்று கூறுவோர் உளர். தனிமனிதரின் அந்தரங்க மனவோட்டங்களைச் சித்திரிப்பதில் ஜெயகாந்தனுக்குள்ள திறமை டானியலிடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால், ஜெயகாந்தன் காணாத ஒன்றை டானியல் கண்டார்: மனிதன் தனக்கு விதிக்கப்பட்ட பெயரை மறுப்பதற்கு அவனுக்கு வேறொரு ‘நாம்’ தேவை என்பதை. அதே வேளையில், அவரைப் பின்பற்றிச் சாதிக்கொடுமையை எழுத வந்த பலர், கதையின் இறுதியில் உயர்சாதிக்காரர் ஒருவரைத் திடீரென மனம் மாறச்செய்து முடித்தனர். ஒரு விபத்து, ஒரு நோய், ஓர் இரத்ததானம் ஆகியவை போதும். தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் கண்ணீரில் கரைந்துவிடும். இம்மனமாற்றக் கதைகள் நல்லெண்ணத்தினால் எழுதப்பட்டவையே. ஆயினும், அவை ‘அக்கினிப் பிரவேச’த்தின் குறையையே திரும்பவும் செய்கின்றன. மனம் மாறியவர் மறுநாட் காலை எந்த ஊரில் கண்விழிப்பார், அவருடைய உறவினரும் அயலவரும் அவரை என்ன செய்வர், அவர்களை அவர் எவ்வாறு எதிர்கொள்வார் என்ற வினாக்களோடுதான் உண்மையான கதை தொடங்கவேண்டும். அவ்விடத்தில் இவை முடிந்துவிடுகின்றன.

இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியரும் அதைக் கற்கும் மாணவரும் இதனின்று பெறவேண்டியது ஒன்றுண்டு. பாத்திரப் பண்பை விளக்கும்படி கேட்கும்பொழுது, இப்பண்பு யாருடைய பார்வையில் பண்பு, எந்தக் கூட்டத்தின் நடுவில் இது உருவாயிற்று, வேறொரு கூட்டத்தின் நடுவில் இம்மனிதர் எவ்வாறு நடந்திருப்பார் என்பவற்றையும் சேர்த்துக் கேட்போமாக. கங்காவை மாணவர் முன்னிலையில் நிறுத்தி, அவள் நல்லவளா கெட்டவளா என்று வாக்கெடுப்பது, அவளுடைய வீட்டுவாசலில் கூடிய கூட்டத்தை வகுப்பறையில் மீண்டும் கூட்டுவதேயாகும்.

வகுப்பறையும் ஒரு குழுவே என்பதையும் மறந்துவிடலாகாது. கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையை ‘மொக்கன்’ என்றும் ‘குழப்படிகாரன்’ என்றும் நாள்தோறும் அழைத்து, ஆண்டிறுதியில் அவன் அப்படியே ஆகிவிட்டதைக் கண்டு, ‘அவனுடைய குணம் அது’ என்று அறிக்கையில் எழுதுகிறோம். முப்பது பிள்ளைகள் சேர்ந்து சிரிக்கும்பொழுது அவனுக்கு அங்கு ஒரு துணையும் இருப்பதில்லை. அத்துணையாக ஆசிரியர் முதலில் நிற்கலாம். சிரிக்காத மாணவர் ஒருவர் அவருடன் சேர்ந்துகொள்ளலாம். குணத்தை மாற்றும் முயற்சி எங்கிருந்து தொடங்கவேண்டும் என்று கேட்பவர்களுக்கு, அப்பெயரை நாம் உச்சரிப்பதை நிறுத்தும் நாளிலிருந்து தொடங்கலாம் என்பதே எமது விடை.